முப்பது நாளும் வந்த பிள்ளை

அத்தியாயம் 4

மொட்டைக் கடுதாசி என்றால் அதில் நாலு வசவாவது இருக்க வேண்டும். ‘களவாணி’, ‘ஏமாற்றுக்காரி’, ‘உடனே கைது செய்க’ என்று ஏதாவது ஒன்று. இதில் அப்படி ஒன்றும் இல்லை. கெட்டியான வெள்ளைத் தாளில், பென்சிலால், இரண்டே வரி.

‘உடைமரத்துப்பட்டியில் மே மாதம் முகாம் நடக்கவில்லை. நடந்ததாக எழுத வேண்டாம்.’

“வாசல்ல ‘செருப்பைக் கழற்றவும்’னு எழுதி வச்ச மாதிரி இருக்கு அக்கா. இவ்வளவு மரியாதையா நமக்கு யாரும் காயிதம் போட்டதில்ல,” என்றேன்.

உமாராணி அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. பத்தொன்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து ஊர் அழுகையை எல்லாம் எழுதி எழுதி, முகம் அப்படியே நின்றுவிட்டது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோவில்பட்டியில் ஒரு மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். பத்து கேஸ் வந்தால் எட்டு, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பது. நான் பேச்சிராஜா. ஷேர் ஆட்டோ ஓட்டினேன். வாய் தாங்காமல் சவாரிகள் பாதி வழியில் இறங்கிப் போனதால் அக்காவிடம் வந்து சேர்ந்தேன்.

தன் பேருக்கு வந்த அந்தக் கடுதாசியோடு எதிரே உட்கார்ந்திருந்தவர் முத்துசெல்வம் அண்ணாச்சி. தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி. தன் தாயார் மீனாட்சியம்மாள் பெயரில் ஒரு அறக்கட்டளை நடத்துகிறார். ஒவ்வொரு வருஷமும் புதூர் பக்கத்துக் கிராமங்களில் பத்துக் குழுக்களைத் தேர்ந்தெடுத்து, இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்த நிதி கொடுப்பார். படம் வரையலாம், சிலம்பம் சுற்றலாம், கதைப் புத்தகம் வாசிக்கலாம், ஒருநாள் வேனில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் போய் வரலாம். நல்ல காரியம்தான். பிள்ளைகள் போட்டிருக்கும் பனியனில் எல்லாம் அண்ணாச்சி படம் இருக்கும் என்பதை நான் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

“நாளைக்கு நாலு மணிக்கு கமிட்டி,” என்றார் அண்ணாச்சி. “அந்த ஊர்ல முகாம் நடத்துன சத்யபிரியா, இந்த வருசத்துக்கும் மனு போட்டிருக்கு. போன வருசம் நடத்தவே இல்லன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்திருவேன். பிள்ளைய பேரைச் சொல்லி ஏமாத்துனா என்னால பொறுக்க முடியாது. நடந்துச்சா, நடக்கலையா. எனக்கு ஒரு வார்த்தை போதும்.”

“ரெண்டு வார்த்தை ஆனா பரவால்லையா அண்ணாச்சி?” என்று கேட்டார் அக்கா.

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. எனக்கும்தான். ஃபைலையும், வருகைப் பதிவேட்டையும், அறக்கட்டளை போன மாதம் அச்சடித்த ஆண்டு மலரையும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

புதூர் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் அக்கா ஃபைலைப் பிரித்தார். பன்னிரண்டு போட்டோ. எல்லாவற்றுக்கும் கீழே ‘மே’ என்று எழுதியிருந்தது. ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

“என்னல தெரியுது?”

சமுதாயக் கூடத்து வாசல். உள்ளே பிள்ளைகள் குனிந்து படம் வரைகிறார்கள். வெளியே குட்டிக் குட்டிச் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன.

“நாப்பது சோடி இருக்கும். ஒண்ணுகூட திருட்டுப் போகல. நல்ல ஊரு.”

“அடியில பாரு.”

பார்த்தேன். ஒவ்வொரு செருப்பின் அடியிலும் விரற்கடை தடிமனுக்குக் கறுப்பு மண் அப்பியிருந்தது. வாசல் ஓரத்தில் ஒரு உடைந்த அரிவாளைத் தரையில் நட்டு வைத்திருந்தார்கள், மண்ணை வழித்துவிட்டு உள்ளே போக. மழைக்காலத்தில் எங்கள் வீட்டு வாசலிலும் அப்படித்தான் நட்டு வைப்போம்.

“ஏலே, நீ கரிசக்காட்டுல பொறந்தவன்தான?”

“மே மாசம் எங்க காட்டுல வெடிப்புக்குள்ள காலு போவும். செருப்புல மண்ணு ஒட்டாது.” எனக்கு அப்போதுதான் உறைத்தது. “இது ஐப்பசி, கார்த்திகை. மழை விழுந்த பெறகு எடுத்தது.”

“அப்ப?”

“காயிதம் போட்டவர் சொல்லுதது நெசம். மே மாசம் முகாம் நடக்கல. ஆனா முகாம் நடந்திருக்கு.”

“அதான் ரெண்டு வார்த்தை,” என்றார் அக்கா.

இதோடு விட்டிருந்தால் டீயைக் குடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். நாற்பது பெயர், முப்பது நாள். அங்கங்கே வெற்றுக் கட்டங்கள்; ஓரத்தில் ‘காய்ச்சல்’, ‘ஆடு’, ‘மாமா கல்யாணம்’ என்று பென்சில் குறிப்பு. பிள்ளைகள் என்றால் அப்படித்தான். அக்காவின் விரல் ஒரே ஒரு வரிசையில் போய் நின்றது. முப்பது கட்டத்திலும் டிக்.

“செல்வமாரி, வயசு ஒம்பது. முப்பது நாளும் வந்திருக்கா. ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி, ஒரு ஆடு கிடையாதா இந்தப் பிள்ளைக்கு?”

“படிப்பாளியா இருக்கும்.”

“அவ படம் எங்க?”

ஃபைலில் பிள்ளைகள் வரைந்த படங்கள் இருந்தன. எண்ணினோம். முப்பத்தொன்பது. செல்வமாரி வரைந்தது இல்லை. அக்கா மொட்டைக் கடுதாசியை அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கெட்டித் தாள், அதே அளவு, இடது ஓரத்தில் அதே கிழிசல். அறக்கட்டளை பிள்ளைகளுக்குக் கொடுத்த டிராயிங் நோட்டிலிருந்து கிழித்த தாள்தான் அது.

“மத்த தாளோட பின்பக்கம் பாரு. அடுத்த பக்கத்துச் சாயம் ஈஷிக் கெடக்கு. கடுதாசியில ஒரு பொட்டுச் சாயம் இல்ல. யாருமே படம் வரையாத நோட்டுல இருந்து கிழிச்சது.”

முப்பது நாளும் முகாமுக்கு வந்து, ஒரு கோடுகூடக் கிழிக்காத பிள்ளை. “அவ்வளவு சமத்தா ஒரு பிள்ள இருந்தா எனக்கு பயமா இருக்கும் அக்கா,” என்றேன். அவர் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்.

உடைமரத்துப்பட்டி சமுதாயக் கூடத்தில் சத்யபிரியா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். பி.எஸ்ஸி. படித்துவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். செருப்புப் போட்டோவை அக்கா நீட்டியதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். மறைக்கவில்லை.

“மே மாசம் இந்த ஊர்ல யாரு அக்கா இருக்கா? மாட்டுப்பொங்கல் முடிஞ்சா சூளைக்கு வேன் வந்துரும். குடும்பத்தோட செங்கல் அறுக்கப் போயிருவாவ, பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு. திரும்பி வர ஜூன் ஆயிரும். அந்தப் பிள்ளையளுக்குத்தான் முகாம் வேணும். அதுங்க ஊர்ல இல்லாதப்ப கோடை முகாம்னா, நான் யாருக்கு நடத்த?”

“அண்ணாச்சிகிட்ட சொல்லிருக்கலாமே.”

“போன்ல சொன்னேன். கோடை முகாம்னா கோடையில நடத்தணும், இல்லன்னா நிதியைத் திருப்பி அனுப்பிருங்கன்னு ஆபீஸ்ல சொன்னாவ. நான் திருப்பல. மழை விழுந்த பெறகு, பள்ளிக்கூடம் விட்டதும் முப்பது சாயங்காலம் நடத்துனேன். சுண்டல், முட்டை, கோட்டைக்கு வேன், ஒண்ணும் கொறைக்கல. தேதிய மட்டும் மேன்னு போட்டேன்.”

“ஜூன்ல பிள்ளைய வந்துருச்சே. ஏன் மழை வரைக்கும் காத்திருந்தீங்க?”

அவள் கீழே கிடந்த குப்பையைக் காலால் ஒதுக்கினாள்.

“செல்வமாரியப் பாக்கணும்,” என்றார் அக்கா.

“அவ ஆச்சி ஊருக்குப் போயிருக்கா.”

“எந்த ஊரு?”

சத்யபிரியா விளக்குமாற்றை மறுபடி எடுத்துக்கொண்டாள். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள். அக்கா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “பேசாம வால,” என்றார்.

செல்வமாரியின் வீடு மேற்குத் தெருவின் கடைசி. அவள் அம்மா பேச்சித்தாய் வாசலில் உளுந்து நெற்றுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுப் பையன், அவள் மகன் இசக்கிபாண்டி, தூசியில் விளையாடிக்கொண்டிருந்தான். உள்ளே சுவரில் ஒரு சின்னப் பெண்ணின் போட்டோ. காய்ந்த மாலை. அதன் கீழே மாடக்குழியில் ஒரு டிராயிங் நோட்டு.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நோட்டை எடுத்தார். அட்டையில் ‘செல்வமாரி’ என்று பெயர். முதல் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. மற்றது எல்லாம் வெள்ளை.

“நீங்கதான் எழுதுனீங்களா?”

“ஆமா.” பேச்சித்தாய் கையை நிறுத்தவில்லை. “அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். முகாம் முடிஞ்சதும் டீச்சர் இந்த நோட்டைக் கொண்டாந்து குடுத்துச்சு. அவ பேருக்கு வந்ததாம்.”

“பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். “மே பதினொண்ணு, மத்தியானம். நாங்க கல்லு அறுத்துக்கிட்டு இருந்தோம். தம்பிக்குத் தண்ணி மோக்கப் போனா. மண்ணு குழைக்கதுக்குத் தண்ணி நிறுத்தி வச்சிருப்பாவ, அந்தக் குழி. அன்னைக்கு ராத்திரியே வேன்ல ஏத்தி அனுப்பிட்டாவ. பன்னெண்டாந் தேதி காலையில இங்கன அடக்கம் பண்ணுனோம். ஊர்ல நடக்கமாட்டாத கெழடுகளும் டீச்சரும்தான் இருந்தாவ.”

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

“மனு குடுத்தோம். வார பன்னெண்டாந் தேதி தாலுகா ஆபீஸ்ல விசாரணை. சூளைக்காரவிய பிள்ளையளையே உள்ள விடுததில்லன்னு எழுதிக் குடுத்திருக்காவ. அவ செத்தது ஊர்க் கம்மாயிலயாம்.”

“மே மாசம் ஒங்க கம்மாயில கோழி குளிக்கக்கூடத் தண்ணி இருக்காதே,” என்றேன். வழக்கமாக இதற்கு யாராவது சிரிப்பார்கள்.

“அதான் நானும் சொன்னேன். போன வாரம் சூளை மேஸ்திரி போன்ல ஒரு புத்தகத்தைக் காட்டுனான். அண்ணாச்சி அச்சடிச்ச புத்தகம். கோடை முகாம்ல கலந்துகிட்ட பிள்ளையன்னு போட்டு செல்வமாரி பேரும் இருக்கு. ‘மே மாசம் ஒன் பிள்ள ஊர்ல முகாம்ல இருந்திருக்கா, எப்படி எங்க சூளையில செத்தா? இதைத்தான் வக்கீல்ட்ட குடுக்கப்போறோம்’னுட்டான்.” தட்டுவதை அப்போதுதான் நிறுத்தினாள். “மே மாசம் அவ எங்க இருந்தான்னு எனக்குத் தெரியும் அக்கா. டீச்சர் மேல எனக்குக் கோவம் இல்ல. அதான் பேர் போடாம எழுதுனேன். அந்த வரியை மட்டும் எடுத்துட்டா போதும்.”

வாசலில் நிழல் விழுந்தது. சத்யபிரியா எங்கள் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“எனக்கு விசாரணை நடக்குதது தெரியாது மதினி. சத்தியமா தெரியாது.”

“முப்பது டிக் எதுக்குப் போட்டீங்க?” அக்கா பதிவேட்டை விரித்தார். “நாப்பது கணக்குக் காட்டவா?”

சத்யபிரியா கீழே உட்கார்ந்துவிட்டாள். “மனுவுல நாப்பது பேரு எழுதிக் குடுத்தேன், அதுல அவளும் ஒருத்தி. அவ போன பெறகு அஞ்சு மாசம் எனக்கு எதுவுமே ஓடல. எந்திரிப்பேன், சாப்பிடுவேன், அவ்வளவுதான். மழை விழுந்ததும் ஆரம்பிச்சேன். மொத நாள் பேரைப் பாத்துக் கூப்புட்டுக்கிட்டே வந்தேன். வாய் தவறி அவ பேரையும் கூப்புட்டுட்டேன். கூடமே கப்புனு ஆயிருச்சு. பெறகு பிள்ளைய எல்லாம் சேந்து ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்லிச்சு. நான் டிக் போட்டேன். மறுநாளு அதுங்க எதிர்பாத்துச்சு. விட முடியல. முப்பது நாளும் அதுங்க சொல்லிச்சு, நான் போட்டேன்.”

இசக்கிபாண்டி ஒரு உளுந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பேச்சித்தாய் அவன் வாயைத் திறந்து எடுத்துப் போட்டாள்.

எனக்குக் கணக்கு நேராகத் தெரிந்தது. உண்மையை எழுதினால் சத்யபிரியா போலீஸுக்குப் போக வேண்டும், இந்த வருஷ முகாம் போச்சு. எழுதாவிட்டால் ஒரு பிள்ளை, தண்ணீரே இல்லாத கண்மாயில் செத்ததாக முடிந்துவிடும்.

“ஏலே பேச்சிராஜா,” என்றார் அக்கா. “அடக்கம் பண்ணுனது என்னைக்கு?”

“மே பன்னெண்டு.”

“பதிவேட்டுல பன்னெண்டாந் தேதிக்கு?”

“டிக்.”

“பதிமூணு?”

“டிக்.” சட்டென்று எனக்குப் புரிந்தது. “முப்பது வரைக்கும் டிக்.”

“அடக்கம் பண்ணுன பெறகும் பதினெட்டு நாள் முகாமுக்கு வந்திருக்கா. அடக்கம் பண்ணுனதுக்கு ஊர்ல இருந்த பெரியவிய சாட்சி. சூளைக்காரவியளே பிள்ள செத்ததை இல்லன்னு சொல்லல. அப்ப இந்தப் பதிவேடு பொய். இதைப் பாத்து அச்சடிச்ச புத்தகமும் பொய். புத்தகத்தை உடைக்க வேற ஒண்ணும் வேண்டாம், இந்த ஒரு வரிசை போதும்.” அக்கா சத்யபிரியாவைப் பார்த்தார். “ஆனா பொய்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா ஒங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.”

சத்யபிரியா பேனா கேட்டாள். என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செல்வமாரியின் நோட்டிலேயே இரண்டாவது தாளைக் கிழித்து எழுதினாள். எழுதி முடிக்கும்வரை தெருவில் யாரோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் நாலு மணிக்கு அண்ணாச்சி அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார்.

“அப்ப என்னை ஏமாத்திருக்கு.”

“ஆமா,” என்றார் அக்கா. “புத்தகத்து அட்டையில போட்டிருக்கது ஒங்க படம், உள்ள முன்னுரையில ஒங்க கையெழுத்து. பன்னெண்டாந் தேதி சூளை வக்கீல் கையில இருக்கப்போற சாட்சி ஒங்க புத்தகம்தான் அண்ணாச்சி. போலீஸ்ல எழுதிக் குடுங்க. அதோட, இந்தப் பிள்ள பேரு ஏன் வந்துச்சுன்னும் நீங்கதான் சொல்லணும்.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, புத்தகத்தில் அந்தப் பக்கம் தவறு என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போலீஸ் பேச்சு வரவில்லை. சத்யபிரியா மூன்று வருஷத்துக்கு மனுப் போடக்கூடாது என்றார். இந்த வருஷ முகாமை ஊர் மகளிர் குழு பேரில், பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்து ஜூன் வரை நடத்தலாம், பிள்ளைகள் சூளைக்குப் போகாமல் ராத்தங்கிச் சாப்பிடலாம் என்றார். ஆனால் இருக்கிற நிதிக்குப் பத்துப் பிள்ளைகள்தான்.

“யாரு அந்தப் பத்து?” என்று கேட்டார் அக்கா.

“அதை சத்யபிரியாவே சொல்லட்டும்,” என்றார் அண்ணாச்சி.

சத்யபிரியாவிடம் போனில் சொன்னேன். பெயர்களை முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. பிறகு, “மொத பேரு இசக்கிபாண்டி. மிச்சம் ஒம்பது நாளைக்குச் சொல்லுதேன்,” என்றாள். மிச்சம் இருபத்தொன்பது பிள்ளைகள் சூளை வேனில் ஏறுவார்கள் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குள் பக்கத்தில் இருந்த பேச்சித்தாய் போனை வாங்கினாள். “அந்தப் பதிவேட்டை விசாரணையில வாங்கி வச்சுக்கிடுவாவளா?”

“வச்சுக்கிடுவாவ.”

“அவ பேரு இருக்க பக்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்துத் தாங்க தம்பி.”

அதைப் பொய் என்று நிரூபிக்கத்தானே இவ்வளவும் என்று கேட்க நினைத்தேன். “கொண்டாரேன்,” என்றேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாமித்துரை எனக்குப் பழக்கம். நான் போனாலே இன்றைக்கு என்ன கதை என்று கேட்பார். பக்கத்தை மெஷினில் கவிழ்த்தும்போது அவர் கண் அந்த வரிசையில் நின்றது.

“யாருடே இந்தப் பிள்ள? ஒருநாள்கூட லீவு போடல. கெட்டிக்காரியா இருப்பா போலயே.”

நான் மெஷின் மூடியை அமுக்கிப் பிடித்தேன்.

“ஆமா அண்ணாச்சி,” என்றேன்.

நல்ல தாளில் ஒன்று போடச் சொல்லி, மடங்காமல் இருக்க அட்டைக்குள் வைத்து வாங்கிக்கொண்டேன். புதூர் பஸ் ஐந்தே காலுக்கு.